என் டிராக்டரை எங்க காணோம், தாயி?

தாயி, அமெரிக்காவுல அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீ எழுதி அனுப்புன ரெண்டு பக்கத்தை நம்மூரு நூலகத்துப் பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வகுப்பறையில நிறவெறிக்கு எதிராப் பாடம் நடத்த உன் பிறப்பும் வளர்ப்பும் உன்னை எப்படித் தயார் பண்ணுச்சுன்னு வேலைக்கு மனுப் போடுறவுக எழுதித் தரணுமாமே. டைவர்சிட்டி ஸ்டேட்மென்ட்டுன்னு அதுக்குப் பேராம். ரொம்ப நல்லா எழுதியிருக்கே. கேட்கக் கேட்க எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. வானம் பார்த்த பூமி, புழுதி பறக்கிற தெரு, வெயில்ல கருத்துப்போன தாத்தா, அவர் கையைப் புடிச்சுக்கிட்டு வரப்புல நடந்த சின்னப்பிள்ளை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தத் தாத்தாகிட்ட ஒரு டிராக்டர் இருந்துச்சே, அதை எங்க காணோம்?

டிராக்டர் மட்டுமா? கெணறு மூணு, பம்புசெட்டு, ஊருக்கு நடுவுல காரை வீடு, பருத்தி வித்த காசுல உங்க அப்பனுக்கு என்ஜினியரிங் காலேஜுல கட்டுன நன்கொடை, நீ மலை மேல விடுதியில தங்கிப் படிச்ச இங்கிலீஷ் பள்ளிக்கூடம், எதையும் காணோம். ரெண்டு பக்கத்துக்குள்ள இடம் பத்தலையாக்கும். அவ்வளவு பெரிய படிப்பாளிகளுக்கு ரெண்டு பக்கத்துக்கு மேல வாசிக்கவும் நேரம் இருக்காது. வானம் பார்த்த பூமி மட்டும் தப்பாம வந்து நிக்குது. வானம் பொய்ச்ச வருஷமெல்லாம் நாம பம்புசெட்டைத்தானே பார்த்தோம்?

கோவிச்சுக்காதே. கல்யாணத் தரகர் ஜாதகம் திருத்துற மாதிரி அழகாத் திருத்தியிருக்கே, தோஷமே தெரியல. இதுல உன்னை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்ல. தான் பட்ட கஷ்டம் எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கும். தன்னால அடுத்தவன் பட்டதை நினைவுல வச்சிருக்கிறவன் ஊருக்கு ஒருத்தன் தேறமாட்டான்.

அதுக்காக வாத்தியாரோட முன்கதைக்கும் வகுப்பறைக்கும் சம்பந்தம் இல்லேன்னு நான் சொல்ல வரல. நீ விட்டுட்டுப் போன புத்தகப் பெட்டி இங்கதான் கெடக்கு. கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் காட்டுக்குப் போக விடமாட்டேங்கிறாக. அந்தப் பையன் சாயங்காலம் வந்து ஒண்ணொண்ணா எடுத்துத் தமிழ்ல சொல்றான். அவனும் எம்.ஏ. இங்கிலீஷுதான். கென்டக்கிங்கிற மாநிலத்துல ஹாப்கின்ஸ்வில்னு ஒரு ஊராம். அங்க 1952-ல பிறந்த குளோரியா வாட்கின்ஸ்ங்கிற கறுப்பினப் பொண்ணு பின்னாடி தன் கொள்ளுப்பாட்டி பேரை எடுத்துக்கிட்டு பெல் ஹூக்ஸ்னு எழுதுனாக. கறுப்புப் பிள்ளைகளுக்குன்னு தனியா ஒதுக்குன பள்ளிக்கூடத்துலதான் முதல்ல படிச்சாக. டீச்சரம்மாமாரெல்லாம் அநேகமாக் கறுப்பினப் பொம்பளைக. எந்தப் பிள்ளை எந்த வீடு, அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு அத்தனையும் அவுகளுக்குத் தெரியும். நீ தலையெடுத்து வந்தா அதுவே வெள்ளை ஆதிக்கத்துக்கு எதிரான காரியம்னு அந்த டீச்சரம்மாமாரு சொல்லாமலே உணர்த்துனாக. அப்புறம் பள்ளிக்கூடங்களை ஒண்ணாக் கலந்தாக. சட்டப்படி நல்ல காரியந்தான். ஆனா அங்க வெள்ளை வாத்தியார்களுக்கு இந்தப் பிள்ளை யாருன்னும் தெரியல, தெரிஞ்சுக்கணும்னும் தோணல. சத்தம் போடாம உட்கார்ந்தாப் போதும்னுட்டாக. ரெண்டு வகுப்பையும் பார்த்துட்டு வந்தவுகதான் 1994-ல 'டீச்சிங் டு டிரான்ஸ்கிரஸ்'ங்கிற புத்தகத்தை எழுதுனாக. பிள்ளைகளைப் பூரா அவுகவுக சொந்தக் கதையைச் சொல்ல வச்சுட்டு, தான் மட்டும் வாயைத் திறக்காத வாத்தியாரு அதிகாரம் பண்றாருன்னு அர்த்தம்ங்கிறது அந்த அம்மா கட்சி. அந்தப் பக்கத்துல நீ பச்சை மசியில கோடு போட்டு வச்சிருக்கே. கோடு போட்டதோட சரி போல.

இன்னொரு அம்மா, பெக்கி மெக்கின்டாஷ். வெல்லஸ்லி கல்லூரியில இருந்த வெள்ளைக்காரம்மா. பொம்பளைகளை அமுக்கி வச்சிருக்கோம்னு ஆம்பளைக ஒத்துக்கிடுவாக, ஆனா அதனால தங்களுக்கு ஒரு சௌகரியம் கெடைக்குதுன்னு மட்டும் ஒத்துக்கிட மாட்டேங்கிறாகளேன்னு கவனிச்சாகளாம். சரி, அப்ப நான் எதை ஒத்துக்கிடாம இருக்கேன்னு தன்னையே கேட்டு, வெள்ளைத் தோலால தனக்குச் சும்மா கெடைக்கிற சௌகரியங்களை 1988-ல பட்டியல் போட்டாக. மொத்தம் 46. காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரி கூட தன் தோல் நிறத்துக்குத் தோதாத்தான் கடையில கெடைக்குதுன்னு அதுல ஒண்ணு. அந்தப் பட்டியலை நீ வகுப்புல நடத்துவே. வெள்ளைப் பிள்ளைக தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்கும். நீ நிமிர்ந்து நிப்பே. நல்லாத்தான் இருக்கும். நம்ம தெருவுக்கு அந்தப் பட்டியலை யாரு போடுறது?

இப்ப சொல்லப்போறதைக் கவனமாக் கேளு. அந்தப் பெட்டியில எனக்குப் புடிச்ச கதை இதுதான்.

1933-ல ஹிட்லர் பதவிக்கு வந்த கொஞ்ச மாசத்துலயே சட்டம் போட்டு, யூத வாத்தியார்களையும் நீதிபதிகளையும் அரசாங்க வேலையை விட்டு வெளியேத்துனான். உசுரு பிழைச்சா போதும்னு அமெரிக்காவுக்கு ஓடி வந்தவுகள்ல ஐன்ஸ்டைனுக்கு பிரின்ஸ்டன் கெடைச்சது. பேரு தெரியாதவுகளுக்கு? பெரிய வெள்ளைப் பல்கலைக்கழகங்கள்ல அப்ப யூதன்னாலே முகம் சுளிக்கிறவுக நிறையப் பேரு. கடைசியில சுமார் ஐம்பது பேருக்குச் சோறு போட்டது தெற்கே கறுப்பின மக்களுக்குன்னு இருந்த கல்லூரிக. யாரு யாருக்கு வேலை குடுத்தாகன்னு பார்த்துக்கோ.

அதுல ஒருத்தரு எர்ன்ஸ்ட் போரின்ஸ்கி. 1901-ல காட்டோவிட்ஸ்ங்கிற ஊருல பிறந்தவரு. சட்டம் படிச்சவரு. ஜெர்மனியை விட்டுத் தப்பி வந்து, அமெரிக்கப் பட்டாளத்துல சேர்ந்து, அதுக்கப்புறம் 1947-ல மிசிசிப்பி மாநிலத்துல டூகலூ கல்லூரிக்குச் சமூகவியல் சொல்லிக்குடுக்க வந்தாரு. மிசிசிப்பின்னா சும்மா இல்ல. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடுறதை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத இடம். இவரு என்ன பண்ணுனாரு தெரியுமா? ஒரு கட்டடத்தோட நிலவறையில இடம் புடிச்சு, மேசையைப் போட்டு, வெளியூருப் பேச்சாளரைக் கூப்பிட்டு, கூடவே சாப்பாடும் வச்சாரு. பக்கத்து வெள்ளைக் கல்லூரியில இருந்தும் ஆளுகளை அழைச்சாரு. தன்னோட கறுப்புப் பிள்ளைகளை முன்கூட்டியே வரச்சொல்லி, ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியா உட்காரச் சொல்லுவாரு. பின்னால வர்ற வெள்ளைக்காரன் சுத்திச் சுத்திப் பார்ப்பான். எங்க உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் ஒரு கறுப்பரு, இந்தப் பக்கம் ஒரு கறுப்பரு. உட்கார்ந்துதான் ஆகணும். உட்கார்ந்தா உப்பை எடுத்துத் தாங்கன்னு கேட்டுத்தான் ஆகணும்.

பந்தி விஷயத்துல நமக்குத் தெரியாத வித்தையா தாயி? முதல் பந்தியில யாரு, கடைசிப் பந்தியில யாரு, யாருக்கு இலை, யாருக்குக் கொல்லைப்புறம்னு தலைமுறை தலைமுறையாக் கணக்குப் போட்டவங்க நாம. அதே வித்தையை அந்த மனுசன் ஆளுகளைச் சேர்க்கப் பயன்படுத்துனாரு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரு வகுப்புல தன் கதையைச் சொல்லிக் கண்ணைக் கசக்குனாரான்னு தெரியல. அதுக்குத் தேவையும் இல்ல. ஜெர்மனியில அவரு யூதரு, விரட்ட வேண்டிய ஆளு. மிசிசிப்பித் தெருவுல அவரு வெள்ளைக்காரரு, எந்தக் கடைக்குள்ளயும் முன்வாசல் வழியாப் போகலாம். ரெண்டும் ஒரே ஆளுதான். முதல் பாதியை மட்டும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருந்தா அனுதாபம் கெடைச்சிருக்கும். ரெண்டாவது பாதியைக் கையில எடுத்ததாலதான், தன் வெள்ளைத் தோலை வச்சு அந்த வெள்ளைக்காரங்களை மேசை வரைக்கும் இழுத்துட்டு வர முடிஞ்சது. மாநில அரசாங்கமே 1956-ல ஒரு ஆணையத்தை வச்சு, நிறப்பிரிவினைக்கு எதிராப் பேசுறவுகளை உளவு பார்த்துச்சு. அதோட கோப்புகள்ல இவரு பேரும் ஏறுச்சு. 1961-ல அந்தக் கல்லூரிப் பிள்ளைக ஒன்பது பேரு ஜாக்சன் நகரத்துல வெள்ளையருக்குன்னு இருந்த நூலகத்துக்குள்ள போய் உட்கார்ந்து புத்தகம் வாசிச்சுக் கைதானாக. புத்தகம் வாசிச்சதுக்குக் கைது! நம்ம நூலகத்துப் பையன் இந்த இடத்துல நிறுத்தி ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான். போரின்ஸ்கிகிட்டப் படிச்ச ஜாய்ஸ் லாட்னர் பெரிய சமூகவியல் அறிஞரா வந்து, ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கே இடைக்காலத் தலைவரா இருந்தாக. போரின்ஸ்கி 1983-ல சாகுற வரைக்கும் டூகலூவை விட்டு நகரல. அந்தக் கல்லூரி வளாகத்துக்குள்ளயேதான் அவரைப் புதைச்சிருக்கு.

வியன்னாவுல இருந்து 1938-ல தப்புன விக்டர் லோவன்ஃபெல்டுங்கிறவரும் இந்தக் கூட்டந்தான். வர்ஜீனியாவுல ஹாம்ப்டன் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தாரு. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியம் எதுக்கு, கைத்தொழில் போதும்னு நினைச்ச காலம். இவரு ஓவிய வகுப்பு ஆரம்பிச்சாரு. குழாய் வேலை படிக்க வந்த ஜான் பிகர்ஸ்ங்கிற பையன் அதுக்குள்ள தலையை விட்டான். வெள்ளைக்காரன் வரைஞ்சதைப் பார்த்து வரையாதே, உன் வீட்டை, உன் ஆத்தாளை, உன் தெருவை வரைன்னு சொல்லி, அதே கல்லூரியில பூட்டிக் கெடந்த ஆப்பிரிக்கக் கலைப்பொருள்களையும் காட்டுனாரு வாத்தியாரு. பிகர்ஸ் பின்னாடி ஹூஸ்டன்ல ஒரு பல்கலைக்கழகத்துல ஓவியத் துறையையே நிறுவுனாரு.

ஓடி வந்தவுக எல்லாரும் இப்படித்தான் ஆயிட்டாகன்னு நினைச்சுக்கிடாதே. அடி வாங்குனவன் எல்லாம் அடுத்தவன் வலியை அறிஞ்சவன்னா, மாமியாகிட்டப் பட்ட மருமக ஒருத்தி கூட மாமியாக் கொடுமை பண்ணியிருக்க மாட்டா. பட்ட கஷ்டம் தானா யாரையும் நல்ல வாத்தியாரா ஆக்கிடாது. அதை வச்சு என்ன செய்யப்போறேன்னு தினமும் புதுசா முடிவெடுக்கணும். உன் ரெண்டு பக்கத்துல "நான் இப்படிப்பட்டவள், அதனால் எனக்குப் புரியும்"னு ஒரு வரி வருது. அந்த "அதனால்" மேல எனக்கு நம்பிக்கை இல்ல தாயி.

ஏன்னு சொல்றேன். பகத் சிங் திந்துன்னு ஒரு பஞ்சாபிக்காரரு, அமெரிக்கப் பட்டாளத்துல இருந்தவரு. குடியுரிமை வேணும்னு வழக்காடி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாரு. வெளியில இருந்து வந்தவுகள்ல வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் மட்டுந்தான் அங்க அப்ப குடியுரிமை. நம்மாளுக வாதம் எப்படி இருந்திருக்கணும்? இந்தச் சட்டமே அநியாயம்னு இருந்திருக்கணும். இல்ல. நான் உயர்சாதி, எனக்குள்ள ஓடுறது ஆரிய ரத்தம், அதனால நானும் வெள்ளைக்காரந்தான்னு வாதம். கல்யாண விஷயத்துல நீங்க நீக்ரோவை எப்படிப் பார்க்கிறீகளோ, அப்படித்தான் நாங்க எங்கூரு ஆதிகுடிகளைப் பார்க்கிறோம்னு கூட எழுதிக் குடுத்தாக. அதாவது, உங்க வெறுப்புல எனக்கும் ஒரு பங்கு குடுங்கங்கிற மனு. 1923-ல நீதிபதிக எல்லாரும் ஒருமிச்சு அதைத் தள்ளுனாக. ரத்தத்தை யாரு பார்த்தா, சாதாரண ஜனங்க கண்ணுக்கு நீ வெள்ளை இல்லையேன்னுட்டாக. இதை நீ உன் மாணவர்களுக்குச் சொல்லு. கடல் தாண்டிப் போனப்ப நம்மாளுக மூட்டையில முதல்ல என்னத்தைக் கட்டிக்கிட்டுப் போனாகன்னு அதுகளும் தெரிஞ்சுக்கட்டும்.

அதுக்குப் பத்து வருஷம் முந்தி, 1913-ல, இன்னொருத்தரு நியூயார்க்குக்குப் போனாரு. மூட்டையில ஆரிய ரத்தம் கொண்டுபோகல. கொலம்பியா பல்கலைக்கழகத்துல படிச்சு, 1916-ல அங்க ஒரு வகுப்புலயே இந்தியச் சாதிகளைப் பத்திக் கட்டுரை வாசிச்சாரு. ஊருக்குத் திரும்பி 1918-ல பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில பொருளாதாரப் பேராசிரியர் ஆனாரு. கூட வேலை பார்த்த பேராசிரியர்க, நாங்க தண்ணி குடிக்கிற கூஜாவுல நீ மொண்டு குடிக்கக் கூடாதுன்னாக. எல்லாரும் பொருளாதாரமும் சட்டமும் கரைச்சுக் குடிச்சவுக. தண்ணிதான் இறங்கல. அந்த அம்பேத்கர் 1946-ல அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்கு, உங்க ஆளுக ஐக்கிய நாடுகள் சபைக்குக் குடுக்கிற மனுவோட நகலை எனக்கும் அனுப்புங்கன்னு கடிதம் எழுதுனாரு. டுபாய்ஸும் பதில் போட்டாரு. நிறவெறியையும் சாதியையும் ஒரே மேசையில வச்சுப் பேச நீதான் புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி எழுதியிருக்கே. எண்பது வருஷத்துக்கு முந்தியே தபால்ல நடந்திருக்கு.

கூஜான்னு சொன்னதும் ஞாபகம் வருது. நீ சின்னப்பிள்ளையா இருக்கையில நம்ம தொழுவத்து எறவாணத்துல ரெண்டு சிரட்டை சொருகியிருக்கும். ஒரு நாள் நீ அதை எடுத்து மண்ணு வச்சு விளையாடுனே. உங்க பாட்டி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டு, தொட்டியில உன்னை முக்கி எடுத்துத்தான் வீட்டுக்குள்ள விட்டா. ஏன் பாட்டின்னு நீ அழுதுக்கிட்டே கேட்டதும், அவ அதுக்கு ஒண்ணும் சொல்லாததும் எனக்கு ஞாபகம் இருக்கு. உனக்கு இல்லையோ? நிறவெறி எப்படிச் சின்னப்பிள்ளைக்குள்ள இறங்குதுன்னு அந்த ரெண்டு பக்கத்துல ஆறு மேற்கோள் போட்டு விளக்கியிருக்கே. தொட்டியில முங்குன கதைக்கு மேற்கோளே வேண்டாமே.

"விளிம்புநிலை வாழ்வை நான் உள்ளிருந்து அறிவேன்"னு நீ எழுதுன வரியை வாசிக்கிறப்ப நூலகத்துப் பையன் லேசாச் சிரிச்சான். எதுக்குடா சிரிக்கேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைங்க ஐயான்னான். அவன் தாத்தா அந்தச் சிரட்டையில குடிச்சவரு. இப்பக் காலம் மாறிப்போச்சு. அவன் திண்ணையில நாற்காலி போட்டுத்தான் உட்காருறான், எவர்சில்வர் டம்ளர்லதான் காபி குடிக்கிறான். அந்த டம்ளரை உங்க பாட்டி தனியா வச்சுத்தான் கழுவுறா. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். காபி நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறான்.

எங்களைத் திருத்த லீவு போட்டுக் கிளம்பி வந்துராதே. உங்க பாட்டிகிட்டக் கல்யாணமான நாள்ல இருந்து நான் ஒரு வாதத்துலயும் செயிச்சதில்ல. நீ செய்ய வேண்டிய வேலை அங்க இருக்கு.

அங்க நிலைமை எப்படின்னு நானும் விசாரிச்சுட்டுத்தான் பேசுறேன். அமெரிக்கக் கல்லூரி வாத்தியார்கள்ல ஏறக்குறைய முக்கால்வாசிப் பேரு இன்னும் வெள்ளைக்காரங்கதானாம். கறுப்பின வாத்தியாரு நிறவெறியைப் பத்திப் பேசினா, இவுக எப்பவும் இதையேதான் பேசுவாகன்னு பிள்ளைக மதிப்பீட்டுத் தாள்ல எழுதிருவாக. அதையே வெள்ளை வாத்தியாரு சொன்னா, எவ்வளவு துணிச்சல்னு எழுதுவாக. நீ ரெண்டுலயும் சேராதவ. உன்னை நடுவருன்னு நினைப்பாக. அங்கதான் உனக்குக் கண்ணி. முதல் மாசத்துக்குள்ள ஒரு வெள்ளைப் பையன் கையைத் தூக்குவான் பாரு. நிறவெறி நிறவெறிங்கிறீங்களே, உங்க இந்தியர்களைப் பாருங்க, வெறுங்கையோட வந்து டாக்டரும் பேராசிரியருமா ஆகலையா, கறுப்பர்களுக்கு மட்டும் என்ன கேடுன்னு கேட்பான். உன்னைப் புகழ்ற மாதிரியே உன்னைக் கம்பாக்கிப் பக்கத்துல இருக்கிற பிள்ளையை அடிப்பான். நீ கூச்சப்பட்டுச் சிரிச்சேன்னா அந்த வகுப்பு அன்னைக்கே முடிஞ்சுபோச்சு.

அப்பத்தான் தாயி, என் டிராக்டரை எடுக்கணும். வெறுங்கையோட வரலடா பையா, எங்க தாத்தாகிட்ட மூணு கெணறு இருந்துச்சு, அந்தக் கெணத்துல எல்லாரும் தண்ணி எடுக்க முடியாது, அந்தத் தண்ணியில வெளஞ்ச பருத்தியிலதான் எங்க அப்பன் படிச்சாரு, அந்தக் காட்டுல குனிஞ்சு பருத்தி எடுத்தவுக பேரன் எம்.ஏ. முடிச்சுட்டு நூலகத்துல தினக்கூலிக்குப் புத்தகம் அடுக்குறான்னு சொல்லு. பருத்திக் காட்டுல குனிஞ்சவுக கதை அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சட்டுனு புரியும். அவுக ஊரு பணமே அதுல வந்ததுதானே. இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லு. கறுப்பின மக்கள் ரோட்டுல இறங்கி அடி வாங்கி 1964-ல குடிமை உரிமைச் சட்டத்தை வாங்குனாக. அதே அலையிலதான் மறுவருஷம் குடியேற்றச் சட்டமும் திருந்துச்சு. நம்ம டாக்டரும் என்ஜினியரும் கூட்டம் கூட்டமா உள்ள போனது அந்த 1965 கதவு வழியாத்தான். கதவைத் தொறந்து விட்டவுகளைப் பார்த்து, நாங்க வந்தோம், நீங்க ஏன் வரலைன்னு கேட்கிறதுக்குத் தனி நெஞ்சழுத்தம் வேணும்.

நிறவெறிக்கு எதிரான பாடம் நடத்த நீ அடிபட்டவளா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சௌகரியம் எப்படி ஒரு வீட்டுக்குள்ள சேருது, சேர்ந்தப்புறம் அது எப்படி உழைப்புன்னு பேரு மாத்திக்கிடுதுன்னு உள்ள இருந்து பார்த்தவ நீ. அந்தப் பாடத்தை உன்னை விட்டா யாரு நடத்துவா? வெயில்ல கருத்த தாத்தாவை யாரு வேணும்னாலும் எழுதலாம். டிராக்டர் தாத்தாவைப் பேத்திதான் எழுத முடியும்.

அதுக்காக வகுப்புல தினமும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, நான் பாவி, நான் பாவின்னு பாடாதே. அதுவும் ஒரு வகைப் பெருமைதான். தான் எவ்வளவு நல்லவன்னு காட்டுறதுக்காகத் தன்னைத் திட்டிக்கிடுறவங்களை நான் பஞ்சாயத்துல நிறையப் பார்த்தாச்சு. அவுக திட்டி முடிச்சதும் நாமதான் தண்ணி குடுத்துத் தேத்தணும். அடிபட்ட பிள்ளைக்கு அந்த வேலையைக் குடுக்காதே. ஆந்திராவுல இருந்தோ, நம்ம மதுரைப் பக்கம் இருந்தோ வந்து, தான் யாருன்னு வெளியில சொல்லிக்கிடாம ஒரு பிள்ளை உன் வகுப்புலயே கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கும். நீ எந்த ஊருன்னு அன்பாத்தான் கேட்பே. ஊருக்கு அடுத்தபடியா எந்தத் தெருன்னு கேட்கிறது நம்ம நாக்குல ஊறிப்போன கேள்வி. அந்த ரெண்டாவது கேள்வியை முழுங்கிரு.

காலமும் உனக்குத் தோதா இல்ல. கொஞ்ச நாளைக்கு முந்தி கதை எழுதாட்டி வேலை இல்லேன்னாக. இப்பச் சில இடத்துல எழுதவே கூடாதுங்கிறாக. ஃபுளோரிடாவுல 2022-லயே வகுப்புல என்ன பேசலாம்னு சட்டம் போட்டு, அது கோர்ட்டுக்குப் போச்சு. டெக்சாஸ்ல 2023-ல போட்ட சட்டம், அரசுப் பல்கலைக்கழகம் எதுவும் இந்த மாதிரி அறிக்கையைக் கேட்கக் கூடாதுன்னுருச்சு. எம்.ஐ.டி. 2024-ல தானாவே கேட்கிறதை நிறுத்திருச்சு. உன்கிட்டக் கேட்ட இடத்துலயும் நாளைக்கு நிறுத்துனா ஆச்சரியப்படாதே. உண்மையைச் சொல்லணும்னா, ஜாதகம் கேட்கிற வழக்கம் நின்னுபோறதுல எனக்கொண்ணும் பெரிய வருத்தம் இல்ல. நல்லா எழுதத் தெரிஞ்சவனுக்குத்தான் அதுல லாபம், நீயே சாட்சி. ஆனா ஜாதகத்தை நிறுத்துற சாக்குல பாடத்தையே நிறுத்தப் பார்க்கிறவுக இருக்காக. அவுககூட நம்மாளுகளும் கை கோத்துக்கிட்டு நிப்பாக. அங்கதான் நீ எந்தப் பக்கம் நிக்கிறேன்னு பார்க்கணும்.

நான் கோடி காட்டுறது எதைன்னு உனக்கே தெரியும். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 கடைசியில சாதிப் பாகுபாட்டையும் தன் விதிகள்ல சேர்த்துச்சு. கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022-ல அதோட 23 வளாகத்துக்கும் சேர்த்துச்சு. அதை எதிர்த்து மனு எழுதுனவுகள்ல நம்ம நாட்டுப் பேராசிரியர்களும் உண்டு. மாநிலம் முழுசுக்கும் அப்படி ஒரு சட்டம் கொண்டுவரப் பார்த்தப்ப, சட்டமன்றத்துல தேறுனதை ஆளுநர் 2023 அக்டோபர்ல ரத்து பண்ணிட்டாரு. இருக்கிற சட்டமே போதும்னு அவரு காரணம் சொன்னாரு. நம்ம பஞ்சாயத்துலயும் எப்பவும் அதையேதான் சொல்லுவோம்.

நீ வேலையில சேர்ந்ததும் உன் பல்கலைக்கழகத்து விதிப் புத்தகத்தை எடுத்துப் பாரு. நிறம் இருக்கும், மதம் இருக்கும். சாதின்னு ஒரு வார்த்தை இருக்கான்னு தேடு. இல்லேன்னா சேர்க்கச் சொல்லி எழுதிக் குடு. அந்த மனுவுல அடிபட்டவுக கையெழுத்தை முதல்ல வாங்காதே. முதல் கையெழுத்து உன்னோடதா இருக்கட்டும், எந்த வீட்டுப் பிள்ளைன்னு கீழே ஒரு வரியும் சேர்த்து எழுது.